பழசு எங்க?

"உங்க தம்பி மோட்டார் போட்டு வாங்க வர்றாராம்" என்று என் மனைவி சொன்னபோது நான் பல் குத்திக்கொண்டிருந்தேன். குச்சி ஈறில் ஏறிவிட்டது.

"எந்தத் தம்பி?"

"உங்களுக்கு எத்தனை தம்பி? ரோட்டுல போறவன் வர்றவனையெல்லாம் தம்பிம்பீங்க. கூடப் பொறந்தவன்னா மட்டும் அடையாளம் தெரியாது."

அவனும் நானும் பேசி நாலு வருஷம் ஆகிறது. ஆனால் அவன் மனைவியும் என் மனைவியும் ஒரு நாள் விடாமல் போனில் பேசுவார்கள். ஓரகத்திகள் கொஞ்சிக்கொள்ள, அண்ணன் தம்பி முறைத்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. அந்தப் போனில் வந்த செய்தி இது: அக்கரையில் ஏதோ பெரிய கட்டடம் எழும்புகிறது, வேலையாட்களைக் காலையில் பத்துப் பத்துப் பேராக அங்கே கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவரும் வேலை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி ஆரம்பம். கையில் போட்டு இல்லை.

பழைய மோட்டார் போட்டு விற்கிற கடை எங்கள் படகுத்துறையில் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று 'மாப்பிள்ளை'யுடையது. கிரீஸுக்கு நடுவிலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு நிற்பான், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது போல. அதனால் அந்தப் பெயர்.

"முதல்ல இங்க வர்றாராம். நானும் அவளும் பேசி வழிக்குக் கொண்டு வந்திருக்கோம். கெடுத்துடாதீங்க" என்றாள்.

கெடுப்பதற்கு என்னிடம் ஒரு பழைய கணக்கு இருந்தது. பணக் கணக்கு இல்லை. ஒரு கம்ப்ரசர்.

எங்கள் அப்பா பழைய மெஷின் வாங்கி விற்றவர். எந்தச் சாமானைப் பார்த்தாலும் பளபளப்பாக இருக்கிற இடத்தில்தான் முதலில் விரலை வைப்பார். உடம்பெல்லாம் அழுக்காக இருந்து ஒரே ஒரு மூடி மட்டும் பளிச்சென்று இருந்தால், "இங்க என்னய்யா கல்யாணம்?" என்பார். விற்க வந்தவன் முகம் அங்கேயே விழுந்துவிடும். நானும் தம்பியும் அந்தக் கடையில் எண்ணெய்த் துணியைத் தொட்டிலாகக் கட்டி வளர்க்கப்பட்டவர்கள். அப்பா போனபிறகு கடையைப் பிரித்தோம். அதில் ஒரு கம்ப்ரசர். காற்றடைக்கிற தொட்டியில் விரிசல் இருந்தது. நான்தான் இரும்பு மக்கு வைத்து அடைத்து, மேலே பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். யாரோ ஒரு வெளியாள் தலையில் கட்டுவதற்காக. பங்கு பிரித்த அன்று அது அவன் பக்கம் போனது. அவன் பெயிண்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். தடவிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டான். அண்ணன் வைத்திருந்த சாமான் என்கிற நம்பிக்கை.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதத்தில் அது வெடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடது காதைத் தவிர.

அதனால் அவன் வருகிறான் என்றதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என்னிடம் இருந்த போட்டுகளிலேயே நல்ல போட்டு ஒன்றை எடுத்து, குற்றம் சொல்ல முடியாதபடி செய்து அவன் கையில் கொடுத்துவிடுவது. லாபம் வேண்டாம். அந்தப் போட்டு அவனிடம் பேசட்டும், எனக்கு வராத வார்த்தையை.

"நேரா ஒரு தடவை 'தப்புப் பண்ணிட்டேன்டா'ன்னு சொன்னா வாய் வெந்துடுமா? அதுக்கு ஒரு போட்டா?" என்றாள் என் மனைவி. அவள் வியாபாரக் குடும்பம் இல்லை. அப்படித்தான் பேசுவாள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவனைத் துறையில் எல்லோரும் 'கிளிக்' என்பார்கள். நட்டு முடுக்குவதற்கு அளவு வைத்த ஸ்பேனர் ஒன்று வைத்திருக்கிறான். சரியான இறுக்கம் வந்ததும் அது 'கிளிக்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்கும்வரை அவனிடம் வீடு பற்றி எரிகிறது என்றாலும் திரும்ப மாட்டான்.

இந்த வகைப் போட்டில் எஞ்சின் உள்ளே இருக்கும். ப்ரொப்பெல்லர் மாட்டிய கால் வெளியே தண்ணீரில் தொங்கும். உள்ளேயிருந்து வெளியே போகிற தண்டுக்காகப் பின்பலகையில் தலை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது வெறும் ரப்பர், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக. பெல்லோஸ் என்போம். அது கிழிந்தால் போட்டு யாரையும் கேட்காமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்புறம் அது மீனுக்குத்தான்.

கிளிக் முதலில் காலின் அடியில் இருக்கிற திருகைக் கழற்றி கியர் ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தான். ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்துவிட்டுக் காலையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

"தண்ணி புகுந்திருந்தா பால் மாதிரி கலங்கியிருக்கும். இல்லேன்னா அடியில பிரிஞ்சு நிக்கும். பாருங்க மொதலாளி, கறுத்திருக்கு, அவ்வளவுதான். ஒரு சொட்டு தண்ணி இல்ல."

பிறகு ஆறு நட்டையும் கழற்றிக் காலை அப்படியே பின்னால் இழுத்து ஸ்டாண்டில் நிறுத்தினான். உள்ளே கைவிட்டு, தண்டைத் தாங்குகிற பேரிங்கை விரலால் சுற்றினான். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பெல்லோஸின் ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் விரித்து டார்ச் அடித்தான்.

"வெடிப்பு இல்ல. இன்னும் ஒன்றரை வருஷம் அசையாது. ஆயிலை மாத்துவோம், கிரீஸ் வைப்போம், மூடிடுவோம்."

"எல்லாத்தையும் மாத்து."

"எதை?"

"பேரிங்கு, பெல்லோஸ், தண்ணி பம்ப்போட இம்பெல்லர், அரிப்பைத் தாங்கற துத்தநாகக் கட்டி. எல்லாம் புதுசு. ஒரிஜினல்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மொதலாளி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சொன்னதைச் செய்யேன்யா."

"செய்யறேன். பெல்லோஸை அறுக்காமக் கழட்டறேன், நல்ல ரப்பரு. பழசு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, இந்த ஆயில் பாட்டிலையும் சேர்த்து வெச்சிடுங்க. வாங்க வர்றவங்க கேட்பாங்க. புதுசு எவன் வேணா மாட்டலாம். உள்ள என்ன இருந்துச்சுன்னு பழசுதான் சொல்லும்."

இரண்டு நாள் வேலை. கடைசியில் புது ஆயிலை அடியிலிருந்து பம்பு வைத்து ஏற்றினான். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழியும்வரை. ஆறு நட்டும் ஆறு தடவை கிளிக் என்றன. பழசு ஒரு சாக்குப் பையில் மேஜைக்குக் கீழே உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தம்பி வருகிற அன்று காலையில் பழைய இரும்புக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றான். "ஏதாவது இருக்கா மொதலாளி?"

இந்த இடத்தில் நான் மறைக்கப் போவதில்லை. முப்பது வருஷமாக "ஏதாவது இருக்கா" என்று கேட்டவனை நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. என் கை தானாக மேஜைக்குக் கீழே போனது. பேரிங் எடைக்கு, ரப்பர் எடைக்கு. அவன் ஒரு விலை சொன்னான், நான் சிரித்தேன், அவன் ஏற்றினான், நான் பையைத் திரும்ப உள்ளே இழுத்தேன், அவன் இன்னும் கொஞ்சம் ஏற்றினான். ஒரு டீக் காசு கூடுதலாக வாங்கினேன். பாட்டிலில் இருந்த ஆயிலை வீணாக்குவானேன் என்று வாசல் கேட்டின் கீலுக்கு ஊற்றிவிட்டு, காலி பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தேன். கேட்டு சத்தம் போடாமல் திறந்தது. அன்றைய காலை எவ்வளவு நன்றாக ஆரம்பித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு அந்தக் கேட்டைத் திறந்துகொண்டுதான் தம்பி வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அப்பாவின் நடை.

"வாப்பா" என்றேன்.

"ம்" என்றான், வலது காதை என் பக்கம் திருப்பி.

என் மனைவி கொண்டுவந்து வைத்த டீயை மட்டும், "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று சொல்லி வாங்கிக்கொண்டான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போட்டின் பின்பக்கம் போனான். முன்பக்கத்தில் சீட்டு, ஸ்டியரிங், கண்ணாடி எதையும் பார்க்கவில்லை. எங்கள் கடையில் வளர்ந்தவன் வேறு எப்படிப் பார்ப்பான்?

மல்லாக்கப் படுத்து அடியில் நகர்ந்தான். புது பெல்லோஸைத் தடவினான். துத்தநாகக் கட்டியை நகத்தால் சுரண்டினான். வெள்ளிக் காசு போல மின்னியது. கிளிக்கிடம் ஸ்குரூடிரைவர் வாங்கி அடித் திருகைத் திறந்து, நாலு சொட்டு ஆயிலை உள்ளங்கையில் விட்டுக்கொண்டான். தேன் மாதிரி இருந்தது. முகர்ந்தான். திருகின் நுனியில் இரும்புத் தூள் ஒட்டுவதற்காகக் காந்தம் இருக்கும். அதைத் துணியில் தேய்த்துப் பார்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது.

அடியிலிருந்து குரல் வந்தது.

"இங்க என்ன கல்யாணம்?"

நான் அவசரமாக அடியில் குனிந்தேன்.

"எல்லாம் மாத்தியிருக்கு" என்றேன். "உனக்குன்னு மாத்தினது. கிளிக்தான் பண்ணினான், கேட்டுப் பாரு."

அவன் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். "சரி. பழசு எங்க?"

கிளிக் சந்தோஷமாக மேஜைக்குக் கீழே குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்தான்.

"போட்டுட்டேன்" என்றேன்.

"எங்க?"

"பழைய இரும்புக்கு."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

தம்பி தலையை ஆட்டினான். ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. "ஆயில்?"

"அது... கேட்டுக்கு ஊத்திட்டேன்."

"நான் வர்றதுக்கு முன்னாடி ஆயிலையும் ஊத்திட்டீங்க, பேரிங்கையும் அனுப்பிட்டீங்க, ரப்பரையும் அனுப்பிட்டீங்க. நல்ல வேளை, போட்டை விட்டு வெச்சிருக்கீங்க."

கிளிக்குக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நான் சொல்றேன். பழசுல ஒரு குறையும் இல்ல. என் கையால பாத்தேன்."

"குறை இல்லையா?"

"சத்தியமா இல்ல."

தம்பி அன்று முதல் தடவையாகச் சிரித்தான். "குறை இல்லாத சாமானைக் காசு போட்டு மாத்தியிருக்காரு. யாரு? எங்க அண்ணன்! கிளிக் அண்ணே, நீங்க நல்ல வேலைக்காரரு. பொய் சொல்றது உங்க தொழில் இல்ல, அதை எங்க வீட்டுக்கு விட்டுடுங்க."

கிளிக் முகம் கறுத்து, ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்ததையே துடைத்தான்.

அந்த நிமிஷம் என்னிடம் ஒரே ஒரு வழி இருந்தது. "அந்தக் கம்ப்ரசருக்காகடா. தெரிஞ்சேதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்குத்தான் இதெல்லாம்" என்று சொல்லியிருக்கலாம். நெஞ்சிலிருந்து தொண்டைவரை அது வந்தது. என் மனைவி கதவோரம் நின்று, சொல்லுங்க, சொல்லுங்க என்று கண்ணால் தள்ளினாள். வாயைத் திறந்தேன்.

"விலையில வேணா பாத்துக்கலாம்ப்பா" என்றேன். "கால்வாசி குறைச்சுக்கோ."

கதவோரம் என் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

கேட்காமலே கால்வாசி குறைக்கிறவன் எதை மறைக்கிறான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஒரே ஆள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தம்பி உள்ளங்கை ஆயிலைக் கேட்டின் மேல் துடைத்தான்.

"போன காது ஒண்ணு போதும் எனக்கு. இன்னொண்ணாவது வேலை செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். கேட்டு சத்தம் போடாமல் மூடிக்கொண்டது.

பதினொன்றரைக்கு என் மனைவிக்குப் போன் வந்தது. அவன் மாப்பிள்ளை கடையில் நிற்கிறானாம். நீலக் கோடு போட்ட போட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

அந்தப் போட்டை எனக்குத் தெரியும். என்னிடம்தான் முதலில் வந்தது. வேண்டாம் என்று அனுப்பினேன். இரண்டு வருஷம் காலை மேலே தூக்கியபடியே நிறுத்தி வைத்திருந்த போட்டு. கால் தூக்கியே இருந்தால் பெல்லோஸ் ஒரு பக்கம் நசுங்கி, மடிப்பு மடிப்பிலேயே செத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, அழுக்கு மூடியிருக்கும். நல்ல, நம்பிக்கையான அழுக்கு.

நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் நம்பருக்கு நானே போன் போட்டேன்.

"அந்தப் போட்டை வாங்காதே. பெல்லோஸ் போயிருக்கும். காலை முழுக்க இறக்கச் சொல்லி, மடிப்பை விரிச்சுப் பாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"போன வருஷம் என்கிட்ட வந்துச்சு."

"பாத்துட்டு ஏன் வாங்கலை? விலை படியலையா?"

"நான் சொல்றதைக் கேளு..."

"அண்ணே" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு நாலு வருஷம். "இதுல ஆயில் கறுப்பா இருக்கு. நட்டெல்லாம் துருவேறி இருக்கு. பத்து வருஷமா இதுல யாரும் கை வைக்கலை. எனக்கு இது போதும். நீங்க வேண்டாங்கறீங்கன்னா நிச்சயமா நல்ல போட்டாத்தான் இருக்கும்."

வைத்துவிட்டான்.

பழசை அவனிடம் காட்டுவது ஒன்றுதான் வழி என்று பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். குவியலின் மேலேயே கிடந்தன, என் பேரிங்கும் பெல்லோஸும். கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு கேட்டான் இரும்புக்காரன்.

"சரி, எடு" என்றேன்.

நீட்டிய கையை அவன் பின்னால் இழுத்துக்கொண்டான். "சரியா? மொதலாளியா சரிங்கறீங்க?" பேரிங்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே பார்த்து, "ஏ, இங்க வா. இதுக்குள்ள என்னமோ இருக்கு. மொதலாளி பேரம் பேசாமக் கேக்கறாரு" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து பெல்லோஸை உதறினார்கள். அப்புறம் வாங்க என்றார்கள். விற்கிறதாக இல்லை என்றார்கள்.

வேறு வழியில்லாமல் நான் ஆரம்பித்தேன். இது ஒரு சாமானா என்றேன். நாய்கூட இந்த ரப்பரைக் கடிக்காது என்றேன். பாதி விலை சொன்னேன். அவன் உதட்டைப் பிதுக்கினான். கிளம்பி வாசல்வரை நடந்தேன், அவன் கூப்பிட்டான், திரும்பி வந்தேன், இன்னொரு தடவை கிளம்பினேன். அவனுக்கு உயிர் வந்தது. அரை மணி நேரம் கழித்து, இரண்டு மடங்கில் முடித்துப் பையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறும்போது போன் அடித்தது.

"அட்வான்ஸ் கொடுத்துட்டாராம்" என்றாள் என் மனைவி. திட்டாமலே போனை வைத்துவிட்டாள். அவள் திட்டாமல் விட்டது அன்றுதான்.

என் போட்டை மூன்றாம் நாளே ஒரு குடும்பம் வாங்கிக்கொண்டது. சீட்டு உறையின் நிறம் பிடிக்கவில்லை என்றார்கள். பின்பக்கம் போகவே இல்லை. புது பெல்லோஸ் மாட்டியிருக்கிறது என்று சொன்னேன். நல்லது, அதில் பாட்டுக் கேட்குமா என்றார் அந்த வீட்டுக்காரர்.

பை மட்டும் மேஜைக்குக் கீழே இருந்தது.

ஒன்றாம் தேதி தம்பியின் போட்டு ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டாம் தேதி காலையில் போய்ப் பார்த்தால் கட்டிய இடத்திலேயே பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்ததாம். எஞ்சின் தொப்புள்வரை தண்ணீர். ஸ்டார்ட்டர் போச்சு, பேரிங் போச்சு, பெல்லோஸ் நாலு மடிப்பில் வாய் பிளந்திருந்தது. கட்டடக்காரர்கள் ஒரு வாரம் கெடு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஓடவில்லை என்றால் வேறு ஆள். ஸ்டார்ட்டர் கிடைத்துவிட்டது. பெல்லோஸ்தான் கடையில் தீர்ந்துபோயிருக்கிறது, வந்து சேர ஆறு வாரமாகும்.

இதையெல்லாம் கிளிக்தான் வந்து சொன்னான். சொல்லிக்கொண்டே மேஜைக்குக் கீழே பார்த்தான்.

"ரெண்டு போட்டும் ஒரே மாடல்" என்றான். "கழட்டினதைத் திரும்ப மாட்டறது என் வழக்கமில்ல. ஆனா ஒன்றரை வருஷம் உயிர் இருக்கு அதுல. நான்தான் பாத்தேனே."

பையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன். "யாரோடதுன்னு சொல்லாதே."

"பழைய இரும்புக் கடையிலேருந்து வந்ததுன்னு சொல்றேன். பொய்யும் இல்ல."

"காசு வேண்டாம். சும்மா கொடுத்துடு."

கிளிக் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சும்மா கொடுத்தா மாட்ட விடுவாரா உங்க தம்பி?"

உண்மைதான். யோசித்தேன். "ஐநூறு சொல்லு. கொஞ்சம் பிகு பண்ணு. முந்நூறுக்கு இறங்கு."

மறுநாள் சாயங்காலம் வந்தான். போட்டு ஓடுகிறது என்றான்.

"என்ன சொன்னான்?"

"வெளிச்சத்துல வெச்சு ஒவ்வொரு மடிப்பா விரிச்சுப் பாத்தாரு. பேரிங்கை நல்ல காதுகிட்ட வெச்சு சுத்தினாரு. 'இதுதான்யா சாமான். யாரும் வேஷம் போடாதது. இதை வெச்சிருந்தவன் யோக்கியன்' அப்படின்னாரு."

நான் மேஜை டிராயரைத் திறந்து மூடினேன்.

"ஆனா மொதலாளி, முந்நூறுக்கு மசியலை. ரெண்டு தடவை எழுந்து போயிட்டாரு. இருநூத்தி எண்பதுக்குத்தான் முடிஞ்சுது. அவருக்கு ரொம்ப சந்தோஷம், வீட்டுக்கே போன் போட்டுச் சொன்னாரு."

கிளிக் காசை மேஜையில் வைத்தான். இருபது குறைகிறது என்று என் வாயில் தானாக வந்தது. விழுங்கிக்கொண்டேன்.